அதிகம் வென்றதால் வெளியேற்றப்பட்ட அணி: மினசோட்டாவின் 2019 கல்லூரிக் கால்பந்துப் பருவம்

வாசகர் கேள்வி, 26 மே 2019

அமெரிக்காவில் ஒரு கல்லூரியைத் தொடர்ந்து வென்றதற்காகவே லீகிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று படித்தேன். விதி எதையும் மீறவில்லையாம். தோற்றவர்கள் கூடி வென்றவனைத் துரத்துவது என்ன நியாயம்? செயின்ட் பால் நகரத்தில் இருக்கும் நீங்கள் சொல்லுங்கள்.

26 மே 2019, இரவு

நியாயமே இல்லை. நான்கு நாளாக எனக்கும் இதே கோபம்தான்.

மினசோட்டா மாநிலத்துக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடிக்கொள்ள 1920 முதல் ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. மையாக் என்று சுருக்கிச் சொல்வார்கள். இன்று பதின்மூன்று உறுப்பினர்கள். தொடங்கி வைத்த ஏழு கல்லூரிகளில் செயின்ட் தாமஸும் ஒன்று. கடந்த புதன்கிழமை, மே 22, அந்தச் செயின்ட் தாமஸை நீக்குவதாக அறிவித்தார்கள். அறிக்கையில் குற்றச்சாட்டு என்று ஒரு வரி கிடையாது. நல்ல நிலையில் உள்ள உறுப்பினர் என்றே எழுதியிருக்கிறார்கள். போட்டியில் சமநிலை இல்லை, அவ்வளவுதான் காரணம்.

நான் செயின்ட் தாமஸில் மாலை வகுப்பில் முதுகலை படித்தவன். அலுவலகம் முடிந்து ஆறு மணி வகுப்புக்கு ஓடும்போது விளக்கொளியில் பையன்கள் கால்பந்துப் பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். இங்கே கால்பந்து என்றால் சாக்கர் இல்லை, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். இந்த ஆட்டத்தின் தலையும் காலும் புரியாத காலத்திலேயே அந்த ஊதா நிறம் எனக்குள் ஒட்டிக்கொண்டது.

2007-இல் இதே அணி பத்து ஆட்டங்களில் இரண்டில்தான் வென்றது. அப்போது எவரும் சமநிலை பற்றிப் பேசவில்லை. 2008-இல் கிளென் கரூசோ பயிற்சியாளராக வந்தார். 2012-லும் 2015-லும் மூன்றாம் பிரிவின், அதாவது கல்லூரி விளையாட்டின் மூன்று நிலைகளில் கடைசியானதன், தேசிய இறுதியாட்டம் வரை போனார்கள். இரண்டு முறையும் ஒஹையோவின் மவுன்ட் யூனியனிடம் தோற்றார்கள். கீழே கிடந்து எழுந்தவனை ஏன் எழுந்தாய் என்று கேட்பதா? ஸ்காலர்ஷிப் கொடுத்து ஆட்களை இழுக்கிறார்கள் என்று குறை சொல்கிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

27 மே 2019

திருத்தம். நேற்று எழுதியதன் கடைசி வரி தவறு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக எந்தக் கல்லூரியும் ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது. குடும்ப வருமானம், மதிப்பெண் ஆகியவற்றைப் பார்த்து எல்லா மாணவர்களுக்கும் தரும் உதவி மட்டுமே உண்டு. மற்றவர்களைப் போலவே பையன்கள் கட்டணம் கட்டிப் படித்துக்கொண்டு ஆடுகிறார்கள். கோபத்தில் எழுதினால் இப்படித்தான் ஆகிறது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். உடனே வெளியே போ என்று சொல்லவில்லை. 2021 வசந்தம் வரை இருக்கலாம். எனவே வரப்போகும் பருவத்தில் எல்லாம் வழக்கம்போல நடக்கும், நீக்கப்பட்ட அணியும் ஆடும்.

2 ஜூன் 2019

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை மேலே கொண்டுபோக முடியாது. அவர் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்காரர். காலேஜ்வில் என்ற ஊரில் பெனடிக்டின் துறவிகளின் மடத்தோடு சேர்ந்த கல்லூரி அது, இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். செயின்ட் தாமஸுக்கும் செயின்ட் ஜான்ஸுக்கும் 1901 முதல் போட்டி. இரண்டும் கத்தோலிக்கக் கல்லூரிகள், ஒன்று நகரத்தில், மற்றது காட்டுக்குள். டாமிகள், ஜானிகள் என்று மாநிலமே இரண்டு செல்லப்பெயர்களில் பிரிந்துகொள்ளும். நான் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் அக்டோபரில் அவர் சிவப்புத் தொப்பியோடும் நான் ஊதாத் தொப்பியோடும் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தோம். எங்கள் பழக்கம் அங்கே தொடங்கியது.

நான் நியாயம் பேசப் போனேன். "உங்கள் கல்லூரி ஆண்டு ஆண்டாக எல்லோரையும் அடித்ததே, உங்களை யாராவது நீக்கினார்களா?" என்று கேட்டேன். அது உண்மையும்கூட. ஜான் கலியார்டி 1953 முதல் 2012 வரை அங்கே பயிற்சியாளர். அதற்குமுன் வேறொரு கல்லூரியில் பெற்றவையும் சேர்த்து மொத்தம் 489 வெற்றிகள். கல்லூரிக் கால்பந்தில் வேறு எந்தப் பயிற்சியாளரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. 1963, 1965, 1976, 2003 என நான்கு தேசியப் பட்டங்கள். 1976-இல் பெரியவர் அங்கே மாணவர். பயிற்சியில் விசில் கிடையாது, ஒருவரையொருவர் மோதிச் சாய்ப்பது கிடையாது, பயிற்சியாளரை கோச் என்று அழைக்கக் கூடாது, ஜான் என்றே அழைக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். கலியார்டி போன அக்டோபரில்தான் காலமானார்.

பெரியவர் என் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. "எங்களிடம் அவர்களைவிட ஆள் அதிகமாக இருந்ததில்லை" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து யோசித்தேன். செயின்ட் தாமஸில் இளங்கலை மாணவர்கள் மட்டும் 6,000 பேருக்கு மேல். மற்றவற்றில் பெரியது என்று சொல்லத்தக்க செயின்ட் ஓலாஃப் 3,000 அளவில் நிற்கிறது. என் கோபம் குறையவில்லை. ஆனால் அதற்குள் ஒரு முள் விழுந்துவிட்டது.

9 ஜூன் 2019

ஒருவர் கேட்டிருந்தார்: கால்பந்து மட்டும்தானா காரணம்? இல்லை. செயின்ட் தாமஸ் ஆண்கள் கூடைப்பந்தில் 2011-லும் 2016-லும், பேஸ்பாலில் 2001-லும் 2009-லும் தேசியப் பட்டம் வாங்கியது. ஆனால் எல்லோரும் வாயால் சொல்லும் எண் ஒன்றுதான்: 97–0. 2017-இல் செயின்ட் ஓலாஃபுக்கு எதிராக எடுத்தது.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு: பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. அதன்பின் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் இன்னும் 1. தாண்ட முடியாதபோது தூரத்திலிருந்து உதைத்தால் 3. இப்படிச் சேர்த்துச் சேர்த்து 97 வர வேண்டுமென்றால் எத்தனை முறை எல்லையைத் தாண்ட வேண்டும் என்று பாருங்கள். அந்த எண்ணைச் செய்தியில் பார்த்த அன்று நான் மகிழ்ந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

7 செப்டம்பர் 2019

பருவம் தொடங்கிவிட்டது. மூன்றாம் பிரிவில் ஆளுக்குப் பத்து ஆட்டங்கள், நவம்பர் நடுவில் முடிந்துவிடும். பிறகு நாடு முழுவதிலுமிருந்து 32 அணிகள் வெளியேற்றுச் சுற்றுக்குப் போகும், அங்கே ஓர் ஆட்டம் தோற்றாலே வெளியே. சிறு லீகில் ஓர் ஆட்டம் தோற்றால் அந்த 32-இல் இடம் கிடைக்குமா என்ற கவலை வந்துவிடும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கனத்தோடு வருகிறது.

மகளைத் தமிழ் வகுப்புக்கு அழைத்துப்போகும் வேலையை மனைவி எடுத்துக்கொண்டார். நவம்பருக்குப் பிறகு நான் ஈடுகட்ட வேண்டும்.

14 செப்டம்பர் 2019

ஓலாஃப் பெயர் வந்ததால் இது. நார்த்ஃபீல்டு என்ற ஒரே சிற்றூரில் கார்ல்டன், செயின்ட் ஓலாஃப் என்று இரண்டு கல்லூரிகள். 1977-இல் அவர்கள் மீட்டர் கணக்கில் ஓர் ஆட்டம் ஆடினார்கள். கார்ல்டனின் வேதியியல் பேராசிரியர் ஒருவரின் யோசனை. யார்டுகளை அழித்துவிட்டு 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம் என்று மைதானம் வரைந்து, அதற்கு லிட்டர் கிண்ணம் என்று பெயரும் வைத்தார்கள். செயின்ட் ஓலாஃப் 43–0 என வென்றது. பேராசிரியர் ஒருவர் சொன்னார் என்பதற்காக மைதானத்தையே மாற்றி வரையும் கல்லூரிகள் இவை. எனக்கு இந்த லீக் பிடித்துப்போனதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

28 செப்டம்பர் 2019, இரவு

இன்று செயின்ட் தாமஸ் ஆட்டத்துக்குப் போகவில்லை. பெரியவர் என்னை வேறொரு சிறு கல்லூரியின் மைதானத்துக்கு அழைத்துப்போனார். பெயர் வேண்டாம், பல ஆண்டுகளாக அட்டவணையின் அடியில் இருக்கும் அணி. அலுமினியப் பலகை இருக்கையில் மழை ஈரம் காயவில்லை. பெற்றோர்கள்தான் பாதிக்கூட்டம். எங்களுக்கு முன்வரிசையில் ஓர் அம்மா மடியில் ஒரு தாளை விரித்து, மகன் களத்தில் இறங்கும்போதெல்லாம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கால்பகுதியில் அளவெடுக்க வேண்டிவந்தது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இரண்டு ஆரஞ்சுக் கம்பங்களை ஒரு சங்கிலியால் இணைத்து வைத்திருப்பார்கள், சங்கிலி சரியாகப் பத்து யார்டு. அதைத் தூக்கிக்கொண்டு ஓரத்திலிருந்து நடுவரின் உதவியாளர்கள் வந்தார்கள். சங்கிலியை இழுத்துப் பிடித்தபோது பந்தின் மூக்கு கம்பத்தை எட்டாமல் நான்கு விரல் பின்தங்கி நின்றது. இருபுறமும் பையன்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருவன் முழங்காலில் உட்கார்ந்து புல்லில் கன்னம் படாத குறையாகப் பார்த்தான். நான்கு விரல் குறை. பந்து கைமாறியது. அந்த அம்மா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து நின்று கைதட்டினார், அவர் மகனின் அணி முயன்றதற்காக.

அந்த நான்கு விரலுக்காகத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். 97–0 ஆட்டத்தில் சங்கிலிக்கு என்ன வேலை இருந்திருக்கும்? அந்த அம்மா அங்கே எதற்குக் கோடு போட்டிருப்பார்? வீடு வரும்வரை பெரியவரிடம் நான் ஒன்றும் பேசவில்லை. மே மாதம் நான் எழுதிய "நியாயமே இல்லை" என்ற இரண்டு சொற்கள் இப்போது எனக்கு உறுத்துகின்றன.

5 அக்டோபர் 2019

செய்தி வந்துவிட்டது. முதல் பிரிவைச் சேர்ந்த சம்மிட் லீக், செயின்ட் தாமஸுக்கு அழைப்பு விடுத்திருக்கிறது. மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாவதைத் தாண்டி நேராக முதல் பிரிவுக்குப் போவதென்றால் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பின் சிறப்பு அனுமதி வேண்டும். கிடைக்குமா என்பது பிறகு. வளாகத்தில் பழைய நண்பர்கள் துள்ளுகிறார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் "போய்த் தொலை" என்று சொன்ன வீட்டிலிருந்து கல்யாணம் செய்துகொண்டு போவதுபோல ஒரு நிலை.

6 அக்டோபர் 2019

நேற்று எழுதிய உவமை பலருக்குப் பிடிக்கவில்லை. சரி, நேராகச் சொல்கிறேன். போவது உயரமான இடம். இருந்தும் இந்த ஊர்க் கல்லூரிகளோடு இனி கால்பந்து இல்லை என்பதை மனம் ஏற்கவில்லை.

13 அக்டோபர் 2019

மெக்கலெஸ்டரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதாமல் விட்டது என் தவறு, ஏனென்றால் மொத்த வழக்கும் அந்தக் கல்லூரியில் இருக்கிறது. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1961-இல் பட்டம் பெற்ற கல்லூரி. செயின்ட் தாமஸிலிருந்து நடந்தே போகலாம். மையாக்கைத் தொடங்கிய ஏழில் அதுவும் ஒன்று.

1974 முதல் 1980 வரை மெக்கலெஸ்டர் தொடர்ந்து 50 ஆட்டங்கள் தோற்றது. ஐம்பது! முதலாண்டில் சேர்ந்த பையன் நான்கு ஆண்டும் ஆடி, ஒரு வெற்றியைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிப் போயிருக்கிறான். 1980 செப்டம்பரில் மவுன்ட் செனாரியோ என்ற கல்லூரியை 17–14 என வென்றபோதுதான் அது முடிந்தது. பிறகும் நிலைமை பெரிதாகத் தேறவில்லை. 2001 பருவத்தோடு மெக்கலெஸ்டர் கால்பந்தில் மட்டும் மையாக்கை விட்டு விலகி, தன் தரத்துக்கு ஏற்ற எதிரணிகளைத் தேடிப் போனது.

அப்போது விலகியது தோற்றவன். அதை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை, நானும் இன்றுவரை யோசித்ததில்லை. வலுவில்லாதவன் தானாகப் போனால் இயல்பு, வலுவுள்ளவனைப் போகச் சொன்னால் அநியாயம் என்று ஏன் எனக்குத் தோன்றியது? சில கல்லூரிகள், செயின்ட் தாமஸ் இருந்தால் நாங்கள் வெளியேறுகிறோம் என்று சொன்னதாக வசந்தத்தில் செய்தி வந்தது. அவர்களுக்கு முன்னால் மெக்கலெஸ்டரின் உதாரணம் இருந்தது. ஒவ்வொன்றாகப் போனால் 99 ஆண்டுக் கூட்டமைப்பில் மிஞ்சுவது யார்?

20 அக்டோபர் 2019, காலை

நேற்று அலையன்ஸ் ஃபீல்டில் 19,508 பேர். டாமிகள் 38, ஜானிகள் 20.

20 அக்டோபர் 2019, இரவு

காலையில் அதற்கு மேல் எழுத வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அலையன்ஸ் ஃபீல்டு இந்த ஏப்ரலில் திறந்த சாக்கர் மைதானம். ஸ்னெல்லிங் நிலையத்தில் பச்சை வழித்தட ரயிலிலிருந்து இறங்கினால் எதிரே தெரியும். பெட்டி முழுவதும் சிவப்பும் ஊதாவும் தோளோடு தோள் நின்றன. 2017-இல் இதே இரு அணிகள் மினியாபொலிஸின் டார்கெட் ஃபீல்டில் ஆடியபோது 37,355 பேர் வந்தார்கள். மூன்றாம் பிரிவில் அதற்குமுன் அத்தனை பேர் ஓர் ஆட்டத்துக்குக் கூடியதில்லை. அன்று 20–17 என்று நாங்கள் வென்றோம், கடும் வெயில். பெரியவர் தன் தண்ணீர்ப் புட்டியை எனக்குக் கொடுத்துவிட்டு "தோல்விக்குத் தாகம் எடுக்காது" என்றார். 2018-இல் காலேஜ்வில்லில் அவர்கள் வென்றார்கள். நேற்று மீண்டும் நாங்கள்.

வென்ற பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் கடைசி நிமிடங்களில் என்னால் எழுந்து கத்த முடியவில்லை. எதிரணியில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜாக்சன் எர்ட்மன். கலியார்டியின் பெயரால் மூன்றாம் பிரிவின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் விருதை 2018-இல் வாங்கியவர். தோல்வி உறுதியான பின்னும் அவர் அணி அவசரமாக வரிசை கட்டிக்கொண்டே இருந்தது. நேரம் முடிந்தது. கூட்டம் இறங்கத் தொடங்கியது. பெரியவர் எழவில்லை. முழங்காலில் போட்டிருந்த கம்பளியை நான்காக மடித்தார், பிறகு பிரித்தார், மீண்டும் ஓரம் சேர்த்து மடித்தார். எப்போதும் முதலில் எழுந்து வாகன நெரிசலுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்பவர் அவர்.

"அடுத்த ஆண்டு காலேஜ்வில்லில்" என்றேன். ஒப்பந்தப்படி இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது அல்லவா. அவர் தலையாட்டினார்.

21 அக்டோபர் 2019

ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். செயின்ட் தாமஸ் போவது சிறு கல்லூரிகளுக்கு நல்லது, அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கான விலையை நேற்று முன்தினம் கட்டியது அந்தச் சிறு கல்லூரிகள் இல்லை. செயின்ட் ஜான்ஸ் கட்டியது. 1901 முதல் தன்னோடு ஆடிய ஒருவனை இழக்கிறது. வெளியேற்றத்தை எதிர்த்துப் பேசும் நண்பர்கள் இதைச் சொல்வதே இல்லை; கூட்டமைப்பின் அறிக்கையிலும் இதற்கு இடமில்லை.

15 டிசம்பர் 2019

எங்களிடம் தோற்ற செயின்ட் ஜான்ஸ் வெளியேற்றுச் சுற்றில் புகுந்து அரையிறுதி வரை போய்விட்டது! காலிறுதியில் வீட்டன் கல்லூரியை 34–33 என ஒற்றைப் புள்ளியில் தாண்டினார்கள். நேற்று விஸ்கான்சின்-வைட்வாட்டரிடம் 35–32 எனத் தோற்றார்கள். மூன்று புள்ளி.

பெரியவர் வீட்டில் கணினித் திரையில் பார்த்தோம். நான் சிவப்பு அணிக்காகக் குரல் கொடுத்தது வாழ்க்கையில் முதல் முறை. மையாக் அணி ஒன்று வெளியே போய் இப்படி ஆடுகிறது என்றால் அதற்குச் செயின்ட் தாமஸோடு மோதிய சனிக்கிழமைகளும் ஒரு காரணம். இதை நான் சொல்லவில்லை, பெரியவர்தான் சொன்னார்.

16 ஜூலை 2020

நேற்று தேசிய அமைப்பு அனுமதி கொடுத்துவிட்டது. 2021 முதல் முதல் பிரிவு. கால்பந்து மட்டும் பயனியர் லீகில், அங்கேயும் கால்பந்து ஸ்காலர்ஷிப் கிடையாது.

30 ஆகஸ்ட் 2020

தொற்றுநோயால் இந்த இலையுதிர்காலத்தில் மையாக் கால்பந்து இல்லை. ஆக, போன அக்டோபர் 19-தான் கடைசி. நான் சொன்ன அந்த "அடுத்த ஆண்டு" வரவில்லை. கம்பளியை இரண்டு முறை மடித்தவருக்கு அன்றே தெரிந்திருந்ததோ என்று நினைக்கிறேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் முகக்கவசத்தோடு நின்று கை காட்டுகிறார்.

19 செப்டம்பர் 2021

மேலே 13 அக்டோபர் 2019 குறிப்பைப் பார்த்துவிட்டு இதைப் படியுங்கள். மெக்கலெஸ்டர் கால்பந்தில் மையாக்குக்குத் திரும்பிவிட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, செயின்ட் தாமஸ் போன அதே ஆண்டில். டுலூத்திலிருந்து செயின்ட் ஸ்கொலாஸ்டிக்காவும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

மகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவளிடம் ஐம்பது தோல்விக் கதையைச் சொன்னேன். "அந்த அண்ணன்கள் ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை?" என்று கேட்டாள். ஆட்டத்துக்கு அழைத்துப்போய்ச் சங்கிலியைக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

20 நவம்பர் 2022

நீண்ட நாள் கழித்து எழுதுகிறேன், கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்காக.

செயின்ட் தாமஸ் முதல் பிரிவில் முதலாண்டு 7 வெற்றி, 3 தோல்வி. இந்த ஆண்டு முதல் ஆட்டத்தில் சதர்ன் யூட்டாவிடம் தோற்று, அதன்பின் பத்தும் வென்றது. பயனியர் லீகில் எட்டுக்கு எட்டு, பட்டம் கையில். ஆனால் பிரிவு மாறியவர்களுக்கு இடைக்காலக் கட்டுப்பாடு இருக்கிறது, வெளியேற்றுச் சுற்றுக்குப் போக முடியாது. வட கரோலினாவின் டேவிட்சன் போகிறது. வென்றதற்காக ஒரு முறை வெளியே அனுப்பப்பட்டவர்கள், வென்றும் இப்போது உள்ளே போக முடியவில்லை. இந்தப் பையன்கள் 2019-இல் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். அவர்களுக்காக மனம் வலிக்கிறது.

எதிரணிகள் சான் டியாகோவில், புளோரிடாவில், நியூயார்க்கில் இருக்கின்றன. விமானத்தில் போக வேண்டும். பெற்றோர்களால் எல்லா ஆட்டத்துக்கும் போக முடிவதில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பெரியவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து "காலேஜ்வில்லுக்கு வருகிறாயா?" என்று கேட்டார். போனோம். மரங்கள் சூழ்ந்த பள்ளத்தில் அந்த மைதானம், சரிவெல்லாம் மஞ்சள் இலை. நான் பழக்கத்தில் ஊதாத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். வளாகக் கடையில் மடத்தின் பழைய செய்முறையில் சுட்ட ஜானி ரொட்டி விற்பார்கள். வரிசையில் எனக்கு முன்னால் சிவப்புச் சட்டையில் நின்றவர் திரும்பினார், எழுபது வயது இருக்கும். என் தொப்பியைச் சற்று நேரம் பார்த்தார்.

"நீங்கள் எப்போது திரும்பி வருகிறீர்கள்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியவர் இரண்டு ரொட்டிக்குப் பணம் கொடுத்தார், ஒன்றை என் கையில் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது.